மணி அடிச்ச பிறகு டீச்சர் எங்கே போறாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



இன்டர்வெல் மணி அடிச்சதும் நீங்க என்ன பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்கா? தண்ணிக் குழாய்க்கு ஓடியிருப்பீங்க, கேட்டுக்கு வெளியே மாங்காய் விக்கிற பாட்டிகிட்ட போயிருப்பீங்க. சரி, அதே மணி அடிச்சப்போ உங்க டீச்சர் எங்கே போனாங்க? பெரிய பள்ளிக்கூடத்துல படிச்சவங்க "ஸ்டாஃப் ரூம்"னு சொல்வீங்க. ஸ்டாஃப் ரூமே இல்லாத பள்ளிக்கூடத்துல?

இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான். பள்ளி நாளுக்குள்ள ஒரு ஆசிரியருக்குன்னு சட்டம் ஒதுக்கி வச்ச நேரம் ஏதாவது இருக்கா? சாப்பிட, கொஞ்சம் உட்கார, அடுத்த பாடத்துக்குத் தயாராக? இந்தக் கேள்வியோட ஒரு மலைக்குப் போவோம்.

புதூர்நாடு

திருப்பத்தூரில் இருந்து பஸ் ஏறினால், வளைவு வளைவாக மலைப்பாதை. மேலே போனதும் ஜவ்வாது மலையின் ஒரு பகுதி. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று ஊராட்சிகள். 2019 நவம்பர் வரை இவை வேலூர் மாவட்டத்தில் இருந்தன, இப்போது திருப்பத்தூர் மாவட்டம். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளான்னு நினைச்சுடாதீங்க. மலையை ஆள்பவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். பேசுவது தமிழ். சாமை, புளி, தேன், பலா என்று போகிற வாழ்க்கை.

மலையில் ஊர்கள் ஒரே இடத்தில் குவிந்திருக்காது. பத்து வீடு இங்கே, இருபது வீடு அந்தச் சரிவில். அதனால் பள்ளிக்கூடங்களும் சின்னதாகத்தான் இருக்கும். பிள்ளைகள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஆசிரியர் எண்ணிக்கையும் குறையும். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள். 61 ஆனால்தான் மூன்றாவது ஆசிரியர்.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். இது எந்தக் குறிப்பிட்ட பள்ளியையும் பற்றியது இல்லை, இப்படி ஒரு இரண்டாசிரியர் பள்ளி இருக்குன்னு வச்சுக்கோங்க. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருத்தர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருக்கிறார். இன்னொருத்தர் நான்கும் ஐந்தும், கூடவே தலைமையாசிரியர் பொறுப்பு. நான்கு, ஐந்து இரண்டுக்கும் சேர்த்துத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று மொத்தம் பத்துப் பாடங்களுக்கு அவர் ஒருவரே தயாராக வேண்டும். 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரே அறையில் மூன்று நிலை. நல்ல யோசனைதான். ஆனால் மூன்று மடங்கு தயாரிப்பு.

நகரத்தில் ஒரே பாடத்தை நான்கு செக்‌ஷனுக்கு எடுக்கும் ஆசிரியரை விட, மலையில் இரண்டு பேரில் ஒருவராக இருக்கும் ஆசிரியருக்குத் தயாரிப்பு நேரம் அதிகம் தேவை. கிடைப்பதோ குறைவு. அந்தக் குறைவை யார் தாங்குகிறார்கள்? முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற அந்தப் பிள்ளைகள்தான். இன்றைய பேச்சில் எனக்கு முக்கியமான விஷயம் இதுதான், மறந்துடாதீங்க.

திண்ணையில் இருந்து தொடங்குவோம்

கொஞ்சம் பின்னாடி போகலாம். 1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கு, எப்படி நடக்குதுன்னு கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்ப்பெல் 1823-ல் அனுப்பிய பதில் ரொம்பப் பிரபலம். அவர் மாவட்டத்துப் பள்ளிகள் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். முதலில் வரும் பையன் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாவது ஆளுக்கு ஒரு அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு, அப்புறம் வர வர ஏறிக்கொண்டே போகும்.

நமக்கு வேண்டியது இன்னொரு விவரம். சின்னப் பிள்ளைகளை மூத்த மாணவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார் மேல் வகுப்புகளைக் கவனித்தபடி, பள்ளி மொத்தத்தின் மேலும் ஒரு கண் வைத்திருந்தார். நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளியில் இந்த மூத்த மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இதே உத்தியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-க்குப் பிறகு சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் ஆதரவற்றோர் இல்லத்தில் பயன்படுத்தினார். அதைப் பற்றி 1797-ல் லண்டனில் ஒரு புத்தகமும் வெளியிட்டார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வாங்கியது.

மெட்ராஸ் முறை ஏன் அங்கே பிடித்தது? செலவு குறைவு. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம். அப்போதே ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: வாத்தியார் ஒரு நிமிஷம் திரும்பினால், அந்த நிமிஷத்தைத் தாங்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார், அவருக்கு யார் சம்பளம் தருவது? ஆசிரியரின் ஓய்வு நேர வரலாறு முழுக்க இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் உங்களுக்குத் தெரியும். 'குலக்கல்வித் திட்டம்' என்று சொல்லி எதிர்த்தார்கள். பெரியாரும் தி.மு.க.வும் கடுமையாகப் போராடினார்கள், 1954-ல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. சாதித் தொழிலோடு பிள்ளைகளைக் கட்டிப்போடும் திட்டம் என்பதுதான் மைய எதிர்ப்பு. ஆனால் அதன் கணக்கைப் பாருங்க. ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி, ஒரு நாளைக்கு இரண்டு ஷிப்ட். கட்டடமும் அதே, ஆசிரியரும் அதே, பிள்ளைகள் மட்டும் இரண்டு மடங்கு. பள்ளிக்கூடத்தை விரிவாக்கக் காசு இல்லாதபோது அரசு முதலில் கை வைத்தது ஆசிரியரின் நாளில்தான்.

தோட்டத்துக்கு அரை மணி, பள்ளிக்கு?

இந்தியாவில் வேலைக்கு நடுவே ஓய்வு என்பது பழைய சட்ட உரிமை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது. 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதையே சொன்னது. 1947-ல் வந்த நம்ம மாநிலத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் நான்கு மணி நேர வேலைக்கு அப்புறம் ஒரு மணி நேர இடைவேளை. 2021-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். தி. நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களை நினைச்சுப் பாருங்க, அது பெரிய விஷயம்.

இந்தப் பட்டியலில் பள்ளிக்கூடம் இல்லை. வால்பாறையில் தேயிலை பறிக்கும் அம்மாவுக்கு அரை மணி ஓய்வு உண்டு என்று 1951-லேயே சட்டம் எழுதியாகிவிட்டது. அந்த அம்மாவின் பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் டீச்சருக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை.

ஏன்? ஆசிரியரைத் தொழிலாளியாகப் பார்ப்பதில் நமக்கு எப்பவுமே ஒரு தயக்கம். நீதிமன்றத்திலும் அது தெரிந்தது. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய முதன்மைத் தீர்ப்பின் வழியாகக் கல்வி நிறுவனங்களும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வந்தன. சரி, பள்ளி ஒரு தொழில் என்றால் அங்கே வேலை செய்யும் ஆசிரியர் தொழிலாளிதானே? அந்தக் கேள்வியோடு கோவாவில் வேலை நீக்கம் செய்யப்பட்ட ஓர் ஆசிரியை உச்ச நீதிமன்றம் வரை போனார். ஏ. சுந்தராம்பாள் வழக்கு. 1988-ல் தீர்ப்பு வந்தது: பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' இல்லை. உடலுழைப்பு, எழுத்தர் வேலை, தொழில்நுட்ப வேலை என்று சட்டம் வரிசைப்படுத்தும் எதிலும் கற்பித்தல் அடங்காது, அது ஒரு உன்னதப் பணி.

'உன்னதம்' என்ற வார்த்தையைக் கவனிங்க. கும்பிட வசதியான வார்த்தை. ஆனால் தொழிலாளர் சட்டத்தின் கதவு அந்த வார்த்தையோடு மூடிக்கொண்டது. கதவு திறக்கவே திறக்காதா என்றால், திறக்கும். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி விஷயத்தில் 2004-ல் ஆசிரியர்களுக்குக் கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997-ல் இருந்தே செல்லும்படி கொடுத்தது. 2022-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. மனசு வைத்தால் ஒரு வரியைச் சேர்க்கலாம் என்பதற்கு இது சாட்சி.

நாற்பத்தைந்து மணி நேரம்

அப்போ ஆசிரியரின் நேரத்தைப் பற்றிச் சட்டம் எதுவுமே சொல்லலையா? சொல்லுது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரி: ஆசிரியரின் குறைந்தபட்ச வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி, தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து. தயாரிப்பும் வேலைதான் என்று ஒரு மத்தியச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. இது சின்ன விஷயம் இல்லை.

அதே அட்டவணை, ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 40 வாரம். வாரத்துக்கு 20 மணி நேரம். 45-ல் 20 போனால் மிச்சம் 25 மணி நேரம்! காகிதத்தில் பார்த்தால், ஆசிரியரின் வாரத்தில் பாதிக்கும் மேல் வகுப்புக்கு வெளியே இருக்கு.

நடைமுறையில்? காலை ஒன்பதரையில் இருந்து மாலை நாலரை வரை பள்ளி என்றால் வாரத்துக்கு 35 மணி நேரம். மிச்சம் 10 மணி நேரம் வீட்டில், இரவில், ஞாயிற்றுக்கிழமையில். பள்ளிக்குள் இருக்கும் நேரத்திலும் 20 மணியோடு கற்பித்தல் முடிவதில்லை. இரண்டாசிரியர் பள்ளியில் காலை முதல் மாலை வரை முன்னால் எப்போதும் ஒரு வகுப்பு உட்கார்ந்திருக்கும்.

45 மணியில் தயாரிப்புக்கு எத்தனை, அது பள்ளி நாளுக்குள் வருமா வெளியே வருமா, அந்த நேரத்தில் வேறு வேலை கொடுக்கலாமா கூடாதா? அந்த வரி இது எதையும் சொல்லவில்லை. தயாரிப்பைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது, ஆனால் அதற்கு வேலி போடவில்லை. வேலி இல்லாத நிலத்தில் என்ன நடக்கும்? கண்ட மாடும் மேயும்.

மதியத்தையே எடுத்துக்குவோம். சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்கணும். உணவைப் பரிமாறுவதற்கு முன் குறைந்தது ஒரு ஆசிரியராவது சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். 2013-ல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்த பிறகு இது இன்னும் கண்டிப்பானது. நியாயமான விதி, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் யோசிங்க, அந்த மதியத்தில் ஆசிரியர் வாயில் வைக்கும் முதல் கவளமே ஒரு வேலை. அதற்கப்புறம் கை கழுவ வைப்பது, தட்டு கழுவ வைப்பது, மரத்தில் ஏறினவனை இறக்குவது. கிடைக்கிற பத்து நிமிஷத்தில் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு சரியாக ஏறிச்சான்னு பார்க்கணும். மலையில் சிக்னல் வேற தேடணும்.

ஜவ்வாது மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. அங்கே பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். ஆசிரியரே காப்பாளர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளி நாளுக்கு முடிவே கிடையாது. ராத்திரி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்தான்.

ஒரு வேலி மட்டும் சட்டத்தில் இருக்கு. 27-வது பிரிவு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இந்த மூன்றைத் தவிர கல்வி அல்லாத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. அதற்கு முன்பே 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாக்காளர் பட்டியல் திருத்த வேலையை விடுமுறை நாட்களிலும் பாடம் இல்லாத நேரத்திலும்தான் ஆசிரியர்களுக்குத் தர வேண்டும் என்று சொன்னது. வகுப்பு நேரத்தைக் காப்பாற்றிய நல்ல தீர்ப்பு. ஆனால் 'பாடம் இல்லாத நேரம்' என்றாலே அது காலியான நேரம் என்று அதில் ஒரு அர்த்தம் வந்துவிட்டது. தயாரிப்பு நடப்பதும் அந்த நேரத்தில்தானே? 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, உங்கள் வீட்டுக்குப் படிவத்தோடு வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் யார்னு பார்த்தீங்களா? பல தெருக்களில் அவர் ஒரு டீச்சர்.

வேலி போட்ட ஊர்கள்

வேற ஊரில் என்ன செய்தாங்க? 1966 அக்டோபர் 5-ல் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரையை ஏற்றன. உலக ஆசிரியர் தினம் அந்தத் தேதியில்தான் வருகிறது. ஆசிரியரின் வேலை நேரத்தை நிர்ணயிக்கும்போது பாடத் தயாரிப்புக்கும் திருத்துவதற்கும் ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அது பரிந்துரை மட்டும்தான், யாரையும் கட்டுப்படுத்தாது.

அமெரிக்காவில் 1960-ல் நியூயார்க் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வேறு பொறுப்பு எதுவும் இல்லாத மதிய உணவு இடைவேளை. டெக்சாஸ் மாநிலத்தில் இது சட்டமாகவே இருக்கு. இரண்டு வாரத்துக்கு 450 நிமிடம் தயாரிப்பு நேரம், ஒவ்வொரு தடவையும் 45 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. அதோடு தினமும் அரை மணி சாப்பாட்டு நேரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இல்லாமல். ஆள் பற்றாக்குறை மாதிரி நெருக்கடி இருந்தால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் விலக்கு.

இங்கிலாந்தில் 2003-ல் அரசும் பெரும்பாலான சங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, 2005 செப்டம்பரில் இருந்து கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தயாரிப்புக்கு என்று உறுதி செய்தார்கள், அதுவும் பள்ளி நாளுக்குள். ஆனால் பெரிய சங்கமான தேசிய ஆசிரியர் சங்கம் அதில் கையெழுத்துப் போடவில்லை. காரணம்? டீச்சர் வெளியே போகும் அந்த நேரத்தில் வகுப்பை முழுத் தகுதி இல்லாத உதவியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது. பாருங்க, அதே பழைய கேள்வி. சட்டாம்பிள்ளை திரும்பி வந்துட்டான்.

நம்ம ஊரில் சங்கங்கள் வழியாக இதைக் கேட்டிருக்கலாமே என்று தோணும். 2003 ஜூலையில் ஓய்வூதியம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அரசு வேலையை விட்டு நீக்கியது. அடுத்த மாதமே, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். பெரும்பாலானவர்கள் பிறகு வேலையில் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் வேலையும் ஓய்வூதியமுமே ஆட்டம் காணும்போது, அரை மணி நேர ஓய்வு கோரிக்கைப் பட்டியலில் எங்கே இருக்கும் சொல்லுங்க?

மூன்றாவது ஆள்

நாளைக்கே டெக்சாஸ் சட்டத்தை அப்படியே தமிழில் எழுதிப் புதூர்நாட்டில் அமல்படுத்தினால் என்ன ஆகும்? ஒரு டீச்சர் 45 நிமிடம் தயாரிப்புக்கு உட்கார்ந்தால், ஐந்து வகுப்பும் இன்னொருத்தர் தலையில். அவருக்கு அன்றைக்குப் பயிற்சி வகுப்பு இருந்தால்? பள்ளியில் ஆளே இல்லை. ஓய்வு நேரம் என்பது கடிகாரத்தில் இருக்கும் விஷயம் இல்லை. அந்த நேரத்தில் பிள்ளைகளோடு இருக்கிற இன்னொரு பெரியவர்தான் ஓய்வு நேரம்.

தமிழ்நாட்டுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனியாக ஆட்களைப் போட்டார்கள். 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தபோது சமைக்கும் பொறுப்பு மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் போனது. பிள்ளைகளுக்குச் சோறு போடணும் என்றால் அதற்குத் தனி ஆள் வேண்டும் என்பதை இந்த மாநிலம் எப்பவோ கற்றுக்கொண்டது. சொல்லிக்கொடுக்கத் தயாராகவும் தனி நேரம் வேண்டும், அந்த நேரத்தைத் தாங்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் பாக்கி.

பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்த்து ஆசிரியரை ஒதுக்கும் கணக்கு, சமவெளியில் ஓரளவு பொருந்தும். மலையில் வகுப்புகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 25 பிள்ளைகள் இருந்தாலும் வகுப்பு ஐந்துதான், பாடங்கள் குறையாது. அங்கே மூன்றாவது ஆள் என்பது ஆடம்பரம் இல்லை. 45 மணி நேரம் என்ற அந்த ஒரு வரி மலை மேல் உண்மையாவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்களுக்குப் பிடிச்ச ஒரு டீச்சர் நம்பர் இன்னும் உங்க போனில் இருக்கும் இல்லையா? கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மிஸ், எங்க கிளாஸ் எடுத்தப்போ மதியம் நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" பதிலைக் கமென்ட்டில் எழுதுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.